பேஸ்மேக்கர் கம்பியின் நுனி எங்கே?

2002 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியான ஒரு முடிவு, இதய மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. ‘டேவிட்’ என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வில் 506 நோயாளிகள் இருந்தார்கள். எல்லோருக்கும் இதயம் ஏற்கெனவே பலவீனமடைந்திருந்தது. திடீர் மரணத்தைத் தடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி எல்லோருக்கும் பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் கருவி பேஸ்மேக்கராகவும் வேலை செய்யக்கூடியது. ஆனால், துடிப்பைத் தூண்டிவிட வேண்டிய தேவை அவர்களில் யாருக்கும் இல்லை.

நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். முதல் பிரிவினரின் கருவி, துடிப்பு நிமிடத்துக்கு 40-க்குக் கீழே போனால் மட்டும் தூண்டும்படி அமைக்கப்பட்டது. இரண்டாம் பிரிவினரின் கருவி, நிமிடத்துக்கு 70 என்ற கணக்கில் மேலறை, கீழறை இரண்டையும் தூண்டியது. கூடுதல் உதவி பெறும் இரண்டாம் பிரிவினர்தான் நலமாக இருப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. மரணமோ, இதயச் செயலிழப்பால் மருத்துவமனைச் சேர்க்கையோ இல்லாமல் ஓராண்டைக் கடந்தவர்கள் முதல் பிரிவில் 83.9%, இரண்டாம் பிரிவில் 73.3%.

கருவியில் கோளாறு இல்லை. பேட்டரி, மின்சுற்று எல்லாம் சொன்னபடி வேலை செய்தன. சந்தேகம் வேறொன்றின் மேல் விழுந்தது: கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுசென்ற கம்பியின் நுனி பதிந்திருந்த இடம். உலகெங்கும் பல்லாண்டுகளாக வழக்கமாகிவிட்ட இடம் அது. வலது கீழறையின் அடிமுனை.

ஒருவருக்கு பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் குடும்பம் கேட்கும் கேள்விகள் பல. எந்த கம்பெனி கருவி, பேட்டரி எத்தனை வருடம் வரும், எவ்வளவு செலவு, காப்பீட்டில் வருமா, செல்போனைச் சட்டைப்பையில் வைக்கலாமா, பிற்பாடு எம்ஆர்ஐ எடுக்கலாமா? எல்லாமே நியாயமான கேள்விகள். கம்பியின் நுனியை இதயத்துக்குள் எங்கே பதிக்கப்போகிறீர்கள் என்பது மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. அடுத்த பத்து, இருபது ஆண்டுகள் அந்த இதயம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் அந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து பேச வேண்டிய கேள்வி அது.

இதயத்தின் சொந்தப் பாதை

வலது மேலறையின் மேற்பகுதியில் உள்ள சைனஸ் கணுவில் ஒவ்வொரு துடிப்பும் பிறக்கிறது. மேலறைகளைச் சுருங்கவைத்துவிட்டு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஏவி கணுவில் அது சற்றே தாமதிக்கிறது. மேலறையின் ரத்தம் கீழறையில் நிறைய அந்த அவகாசம் வேண்டும். பிறகு, ஹிஸ் கற்றை என்ற மெல்லிய நார்க்கட்டு வழியாக இறங்கி, வலது கிளை, இடது கிளை என்று பிரிந்து, பர்கின்ஜி இழைகளாகக் கீழறைகளின் உட்சுவர் முழுக்கப் பரவுகிறது. பர்கின்ஜி இழைகளை 1839-ல் செக் ஆய்வாளர் யான் பர்கின்ஜியும், ஹிஸ் கற்றையை 1893-ல் வில்ஹெல்ம் ஹிஸ்ஸும் விவரித்தார்கள். இவை தனித்தனித் துண்டுகள் அல்ல, ஒரே தொடர்பாதை என்று 1906-ல் நிறுவியவர் ஜப்பானியரான சுனாவோ தவாரா. ஜெர்மனியின் மார்புர்க் நகரில் அவர் செய்த வேலை அது.

இந்தப் பாதையில் மின்துடிப்பு விநாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சாதாரண இதயத் தசை வழியாகப் போனால், வேகம் விநாடிக்கு ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆரோக்கியமான இதயத்தில் இரண்டு கீழறைகளும் விநாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முழுமையாகத் தூண்டப்பட்டுவிடுகின்றன. இடது கீழறையின் இடைச்சுவரும் அதற்கு எதிரே உள்ள பக்கச்சுவரும் ஒன்றாகச் சுருங்கி, நடுவில் இருக்கும் ரத்தத்தைப் பிழிந்து வெளியே தள்ளுகின்றன.

வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் கிளை வாய்க்கால்களில் பிரிந்து எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் பாயும். ஒரு மூலையில் வரப்பை வெட்டிவிட்டால், அந்தத் தண்ணீர் வயல் வயலாகக் கசிந்துதான் கடைசி வயலை அடையும். வலது கீழறையின் அடிமுனையில் மின்துடிப்பைக் கொடுக்கும்போது இரண்டாவது விஷயம்தான் நடக்கிறது. வலது பக்கமும் இடைச்சுவரும் முதலில் சுருங்குகின்றன. இடது பக்கச்சுவருக்குத் தூண்டல் போய்ச்சேர்வதற்குள் இடைச்சுவர் தளர ஆரம்பித்துவிடுகிறது. ஒரு சுவர் அழுத்த, எதிர்ச்சுவர் விலகிக்கொடுக்கிறது. ரத்தத்தில் ஒரு பகுதி வெளியே போவதற்குப் பதிலாக உள்ளேயே அலைகிறது. இசிஜி தாளில் இது அகன்ற அலையாகப் பதிவாகும்.

நிமிடத்துக்கு 70 என்று கணக்கிட்டால், நாளுக்கு ஒரு லட்சம் துடிப்பு. முழுநேரமும் பேஸ்மேக்கரை நம்பியிருப்பவருக்கு, ஒரு லட்சம் தடவையும் தூண்டல் இந்தச் சுற்றுவழியில்தான் போகிறது.

அடிமுனை வழக்கமான கதை

நரம்பு வழியாக, அதாவது சிரைக்குள் கம்பியை நுழைத்து வலது கீழறைக்குக் கொண்டுபோய்த் துடிப்பைத் தூண்டலாம் என்று 1958-ல் காட்டியவர் நியூயார்க் மான்டிஃபியோர் மருத்துவமனையின் இளம் அறுவை மருத்துவர் சீமோர் ஃபர்மன். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் அறுவை மருத்துவர் ஓக்கே சென்னிங்கும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டும் சேர்ந்து, முழுக்க உடலுக்குள் வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கரைப் பொருத்தினார்கள். அதைப் பெற்ற ஆர்னே லார்சனின் முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. அதன் பின் 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு அவர் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார்.

அந்தக் காலத்தில் கம்பியின் நுனி வலது கீழறையின் அடிமுனைக்குப் போனதற்குக் காரணங்கள் இருந்தன. ஆரம்பகாலக் கம்பிகளில் திருகு இல்லை. அடிமுனையில் பின்னிக் கிடக்கும் தசைநார்களில் நுனி சிக்கிக்கொண்டால் நகராமல் நிற்கும். எக்ஸ்-ரே திரையில் பார்த்து அங்கே போய்ச்சேர்வது எளிது, நேரமும் மிச்சம். துடிப்பு நின்று மயங்கி விழுந்துகொண்டிருந்த நோயாளிக்கு முதல் தேவை உயிர். அதை அடிமுனைத் தூண்டல் நம்பகமாகக் கொடுத்தது. லட்சக்கணக்கானவர்களுக்கு இன்றும் கொடுக்கிறது. இந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை.

எச்சரிக்கையும் முன்பே இருந்தது. அமெரிக்க உடலியல் அறிஞர் கார்ல் விக்கர்ஸ் 1925-லேயே நாய்களின் இதயத்தில் சோதித்து, இயற்கைப் பாதையைத் தவிர்த்துக் கீழறையை நேரடியாகத் தூண்டினால் அதன் சுருங்கும் திறன் குறைகிறது என்று எழுதினார். உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் பிறப்பதற்கு 33 ஆண்டுகள் முன்பு! பின்னால் திருகுக் கம்பிகள் வந்தன. நுனியை விரும்பிய இடத்தில் பதிக்க முடியும் என்ற நிலை உருவானது. ஆனால், கை பழகிய இடத்தை விட்டு யாரும் அவ்வளவு சீக்கிரம் நகரவில்லை.

டேவிட் ஆய்வுக்குப் பிறகு சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2003-ல் வெளியான ‘மோஸ்ட்’ ஆய்வின் துணை ஆய்வு, மொத்தத் துடிப்புகளில் 40 சதவீதத்துக்கு மேல் கீழறையில் தூண்டப்பட்டவர்களுக்கு இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேரும் ஆபத்து ஏறக்குறைய 2.6 மடங்கு என்றது. ஹாங்காங் மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2009-ல் வெளியிட்ட ‘பேஸ்’ ஆய்வு இன்னும் தெளிவானது. இதயத் திறன் நன்றாக இருந்த 177 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு அடிமுனையிலும், மறு பிரிவினருக்கு இரண்டு கீழறைகளிலும் தூண்டல் கொடுத்தார்கள். இதயம் ஒவ்வொரு சுருக்கத்திலும் வெளித்தள்ளும் ரத்தத்தின் விகிதம், மருத்துவர்கள் ‘இஎஃப்’ என்று சொல்வது, ஓராண்டில் அடிமுனைப் பிரிவில் 54.8%, இரு கீழறைப் பிரிவில் 62.2%.

கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், முழுமையான ஹார்ட் பிளாக்குக்காக பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட 823 பேரின் விவரம் அலசப்பட்டது. ஹார்ட் பிளாக் என்பது ரத்தக் குழாய் அடைப்பு அல்ல; மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போகாமல் தடைபடுவது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் இதயத் திறன் இயல்பாக இருந்தது. சுமார் நான்கு ஆண்டுகளில் 12.3 சதவீதத்தினருக்குத் தூண்டலாலேயே இதயத் தசை பலவீனமானது. 20 சதவீதத்துக்கு மேல் தூண்டல் தேவைப்பட்டவர்களுக்கே ஆபத்து கூடியது.

இந்த எண்ணை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். நூற்றில் ஏறத்தாழ 88 பேருக்குப் பெரிய பாதிப்பு வரவில்லை. அடிமுனையில் கம்பி இருக்கிறது என்பதற்காக யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. மீதி 12 பேர் இயல்பான இதயத்துடன் அறுவை அறைக்குள் போனவர்கள். சில ஆண்டுகளில் மாடி ஏற மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது என்று திரும்பி வந்தவர்கள். அவர்களில் பலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதுதான் இந்த விவாதத்தின் கனம்.

இடைச்சுவர் தந்த ஏமாற்றம்

அடிமுனை சரியில்லை என்றால், கொஞ்சம் மேலே போகலாமே என்பது முதலில் தோன்றிய மாற்று. வலது கீழறையின் உயரமான இடைச்சுவர்ப் பகுதியில் நுனியைத் திருகிவிட்டால், இயற்கைப் பாதைக்கு அருகில் போய்விடலாம் என்று பலரும் நம்பினார்கள். தர்க்கம் நன்றாகத்தான் இருந்தது. சோதித்தபோது கைகொடுக்கவில்லை.

2015-ல் வெளியான ‘ப்ரொடெக்ட்-பேஸ்’ ஆய்வு, கடுமையான ஹார்ட் பிளாக் உள்ள 240 பேரை அடிமுனை, உயர் இடைச்சுவர் என்று குலுக்கல் முறையில் பிரித்து இரண்டு ஆண்டுகள் கவனித்தது. இதயத் திறன் இரண்டு பிரிவிலும் ஒரே அளவில் லேசாகக் குறைந்தது. வேறுபாடு இல்லை. அறுவைக்கு ஆன நேரமும் எக்ஸ்-ரே கதிர்வீச்சும்தான் இடைச்சுவர்ப் பிரிவில் கூடுதல். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: இடைச்சுவரில் இருப்பதாக மருத்துவர் நம்பும் கம்பி, சிடி ஸ்கேனில் பார்த்தால் முன்சுவரில் பதிந்திருப்பது அரிதல்ல. தட்டையான எக்ஸ்-ரே நிழலை வைத்து முப்பரிமாண இதயத்தைக் கணிப்பதில் உள்ள தவறு இது.

இந்த ஏமாற்றத்தில் ஒரு பாடம் இருந்தது. இயற்கைப் பாதைக்குப் ‘பக்கத்தில்’ தூண்டினால் போதாது. பாதைக்கு வெளியே எங்கே கொடுத்தாலும் மின்துடிப்பு தசை வழியாகத்தான் ஊர்ந்து போகும். ஒன்று, இரண்டு பக்கமும் தூண்ட வேண்டும். அல்லது பாதையையே பிடிக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் தூண்டினால்…

1994-ல் பிரான்ஸ் மருத்துவர்கள், முற்றிய இதயச் செயலிழப்பு உள்ள ஒருவருக்கு வலது, இடது கீழறைகளை ஒரே நேரத்தில் தூண்டிக் குணம் கண்டதை வெளியிட்டார்கள். சிஆர்டி எனப்படும் சிகிச்சை இப்படிப் பிறந்தது. இடது கீழறைக்கான கம்பி, இதயத்தின் பின்புறம் ஓடும் கரோனரி சைனஸ் என்ற சிரைக்குள் நுழைந்து, அதன் கிளை ஒன்றில் இறங்கி, இடது பக்கச்சுவரின் வெளிப்புறத்தில் உட்காருகிறது. 2005-ல் வெளியான ‘கேர்-எச்எஃப்’ ஆய்வில், பலவீனமான இதயமும் ஒத்திசைவுக் குறைவும் உள்ள 813 பேரில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 30% பேரும், சிஆர்டி பெற்றவர்களில் 20% பேரும் இறந்திருந்தார்கள். உயிர் காக்கும் சிகிச்சை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஹார்ட் பிளாக் நோயாளிகளுக்கும் இது உதவுமா? இதயத் திறன் 50 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்த 691 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியிடப்பட்ட ‘பிளாக்-எச்எஃப்’ ஆய்வு, உதவும் என்றது. மரணம், அவசர சிகிச்சை தேவைப்படும் இதயச் செயலிழப்பு, இடது கீழறை விரிவடைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் வலது பக்கம் மட்டும் தூண்டப்பட்ட பிரிவில் 55.6%, இருபக்கப் பிரிவில் 45.8%.

இங்கும் இடம்தான் முக்கியம். ‘மேடிட்-சிஆர்டி’ ஆய்வின் தரவுகளை அலசியபோது, இடது பக்கக் கம்பி அடிமுனைப் பகுதியில் இருந்தவர்களுக்கு மரணமும் இதயச் செயலிழப்பும் அதிகம் என்று தெரிந்தது. 2012-ல் வெளியான பிரிட்டனின் ‘டார்கெட்’ ஆய்வில், எந்தச் சுவர் கடைசியாகச் சுருங்குகிறது என்பதை எக்கோவில் முன்கூட்டியே கண்டறிந்து, தழும்பு இல்லாத அந்த இடத்துக்குக் கம்பியைக் கொண்டுபோக முயன்றார்கள். அப்படிச் செய்த பிரிவில் 70% பேருக்கும், வழக்கப்படி வைத்த பிரிவில் 55% பேருக்கும் சிகிச்சை பலன் தந்தது. அதே கருவி, அதே செலவு. பலனில் 15 புள்ளி வித்தியாசம்.

சிஆர்டிக்கு எல்லைகள் உண்டு. சிரையின் கிளைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும்; வேண்டிய இடத்தில் கிளையே இல்லாமலும் போகலாம். பக்கத்தில் ஓடும் உதரவிதான நரம்பு தூண்டப்பட்டு, விக்கல் போல வயிறு துள்ளும் தொல்லை வரலாம். மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைப்பதில்லை. விலையும் சாதாரண பேஸ்மேக்கரைவிட மிக அதிகம்.

பெரியவர்களின் கதைக்கு நடுவே குழந்தைகளை மறந்துவிடக் கூடாது. பிறவியிலேயே ஹார்ட் பிளாக் உள்ள குழந்தை, வாழ்நாள் முழுவதும் தூண்டலை நம்பி வாழ வேண்டியது. 2013-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, கட்டமைப்பில் குறையற்ற இதயம் கொண்ட 178 குழந்தைகளில் கம்பி இருந்த இடங்களை ஒப்பிட்டது. இடது கீழறையின் அடிமுனையிலோ பக்கச்சுவரிலோ தூண்டப்பட்ட குழந்தைகளின் இதயத் திறன் நன்றாகக் காக்கப்பட்டது. வலது கீழறையின் பக்கச்சுவர்தான் மிக மோசமான இடம். சின்னக் குழந்தைகளுக்கு மார்பைத் திறந்து இதயத்தின் வெளிப்புறத்தில் கம்பியைத் தைக்கிறார்கள்; அப்போது எந்த இடம் என்பது முழுக்க அறுவை மருத்துவரின் கையில்தான் இருக்கிறது. எழுபது வருட வாழ்க்கையை மனத்தில் வைத்து எடுக்க வேண்டிய முடிவு அது.

பாதையையே பிடிப்பது

இயற்கைப் பாதையையே பிடிக்கலாம் என்பதை 2000-ல் நோயாளிகளிடம் செய்து காட்டியவர் அமெரிக்காவில் பணியாற்றிய பிரமோத் தேஷ்முக். ஹிஸ் கற்றையில் கம்பியின் நுனியை நிரந்தரமாகப் பதித்து, இதயம் இயல்பாகத் துடிக்கும்போது வருவதைப் போன்ற குறுகிய இசிஜி அலையை அவர் பெற்றார். 2018-ல் அமெரிக்காவின் கைசிங்கர் மருத்துவ அமைப்பு ஓர் ஒப்பீட்டை வெளியிட்டது. அதன் ஒரு மருத்துவமனையில் ஹிஸ் தூண்டலும், இன்னொன்றில் வலது கீழறைத் தூண்டலும் வழக்கம். மரணம், இதயச் செயலிழப்புச் சேர்க்கை, கருவியை மேம்படுத்த வேண்டிய நிலை ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் ஹிஸ் பிரிவில் 25%, மற்றதில் 32%. இந்தத் துறையில் உலகளவில் முன்னணியில் இருக்கும் கைசிங்கர் மருத்துவர் புகழேந்தி விஜயராமனின் பங்கு இதில் பெரிது.

ஆனால், ஹிஸ் கற்றை மிக மெல்லியது. நார்த்திசு உறைக்குள் இருப்பது. நுனி ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் பிடி தவறும். பலருக்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படும். நாள்பட அது இன்னும் கூடும். பேட்டரி சீக்கிரம் தீரும். கம்பியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டிய நிலையும் ஹிஸ் பிரிவில்தான் அதிகம் வந்தது.

அடுத்த திருப்பம் சீனாவின் வென்ஜோ நகரிலிருந்து வந்தது. மருத்துவர் ஹுவாங் வெய்ஜியான் குழுவினர் 2017-ல் ஒரே ஒரு நோயாளியின் சிகிச்சையை விவரித்தார்கள். இதயம் விரிந்து பலவீனமடைந்த 72 வயதுப் பெண் அவர். வலது பக்கத்திலிருந்து இடைச்சுவருக்குள் கம்பியைத் திருகி ஆழமாக இறக்கி, மறுபக்கத்தில் இருக்கும் இடது கிளைக் கற்றையை எட்டிப்பிடித்தார்கள். இடது கிளை விசிறி போல விரிந்து கிடப்பதால் இலக்கு அகலமானது. குறைந்த மின்னழுத்தமே போதும். பெரும்பாலும் பயன்பட்டது புதிய கருவிகூட அல்ல; ஏற்கெனவே சந்தையில் இருந்த மெல்லிய கம்பியும், அதை வழிநடத்தும் வளைந்த உறையும்தான்.

சில ஆண்டுகளிலேயே இந்த முறை கண்டங்களைத் தாண்டியது. 2022-ல் வெளியான ஐரோப்பியப் பதிவேடான ‘மெலோஸ்’, 2,533 நோயாளிகளின் அனுபவத்தைத் தொகுத்தது. மெதுவான துடிப்புக்காகச் செய்தபோது 92.4% பேருக்கும், இதயச் செயலிழப்புக்காகச் செய்தபோது 82.2% பேருக்கும் முயற்சி கைகூடியது. 2023-ல் வெளியான, 1,778 பேரை உள்ளடக்கிய பன்னாட்டு ஒப்பீட்டில், மரணமோ இதயச் செயலிழப்புச் சேர்க்கையோ நேர்ந்தவர்கள் இடது கிளைத் தூண்டல் பிரிவில் 20.8%, சிஆர்டி பிரிவில் 28%.

தமிழ்நாடு இதில் பார்வையாளராக மட்டும் இருக்கவில்லை. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருத்துவர் சண்முகசுந்தரம் பொன்னுசாமி முதன்மை ஆசிரியராக இருந்து, விஜயராமன் உள்ளிட்டோருடன் எழுதிய இடது கிளைத் தூண்டல் பற்றிய விரிவான தொகுப்பு 2020-ல் பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தது. கம்பி சரியான ஆழத்தை எட்டிவிட்டதா என்பதை இசிஜியில் எப்படி அறிவது என்ற நுட்பமான கேள்விக்கும் அந்தக் குழு தொடர்ந்து பங்களித்திருக்கிறது.

ஆர்வத்தோடு நிதானமும்

இந்த எண்களைப் பார்த்ததும் எல்லோருக்கும் இடது கிளையிலேயே வைத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. ஹிஸ், இடது கிளைத் தூண்டல் பற்றி மேலே சொன்ன பெரிய ஒப்பீடுகள் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தவை அல்ல; எந்த நோயாளிக்கு எந்த முறை என்பதை மருத்துவரோ மருத்துவமனையின் வழக்கமோ தீர்மானித்தது. குலுக்கல் முறையில் நடந்து 2022-ல் வெளியான சீன ஆய்வில், இதயத் திறன் இடது கிளைப் பிரிவில் சுமார் 21 புள்ளியும், சிஆர்டி பிரிவில் சுமார் 15.6 புள்ளியும் உயர்ந்தது உண்மைதான். ஆனால், அதில் பங்கேற்றவர்கள் 40 பேர் மட்டுமே. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,136 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு ‘லெஃப்ட் வெர்சஸ் லெஃப்ட்’ என்ற குலுக்கல் ஆய்வு தொடங்கப்பட்டதற்குக் காரணமே இந்த இடைவெளிதான்.

ஆபத்துகளும் இருக்கின்றன. இடைச்சுவரின் தடிமன் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அதற்குள் திருகும்போது சற்று ஆழமாகப் போனால் இடது கீழறைக்குள் துளை விழும். மெலோஸ் பதிவேட்டில் 3.7% பேருக்கு அப்படி நேர்ந்தது. பெரும்பாலும் உடனே கவனித்து, கம்பியைப் பின்னிழுத்து இடம் மாற்றிவிடலாம் என்றாலும், கவனிக்கத் தெரிந்த கண் வேண்டும். இடைச்சுவர் ரத்தக் குழாய் காயப்படலாம். ஆழமாகப் பதிந்த கம்பியை இருபது ஆண்டுகள் கழித்து எடுக்க நேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லும் அளவுக்கு இந்த முறைக்கு இன்னும் வயதாகவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இது கைத்தேர்ச்சியைச் சார்ந்தது. பாதி வழியில் நின்றுவிட்ட கம்பி, பழைய இடைச்சுவர்க் கம்பியாகிவிடும். இடைச்சுவர் என்ன தந்தது என்பது தெரிந்த கதை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது: மிகச் சிறந்த தூண்டல், தேவையில்லாத இடத்தில் கொடுக்கப்படாத தூண்டல். சைனஸ் கணு மட்டும் பழுதாகி, ஏவி கணுவும் கற்றைகளும் நன்றாக இருப்பவருக்கு மேலறையைத் தூண்டினாலே போதும். 2007-ல் வெளியான ‘சேவ்-பேஸ்’ ஆய்வில், அப்படிப்பட்ட 1,065 பேரில் ஒரு பிரிவினருக்குக் கருவியின் அமைப்பை மாற்றியே கீழறைத் தூண்டலை 99 சதவீதத்திலிருந்து 9.1 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். மேலறையின் நீடித்த தாளக்கோளாறு 12.7 சதவீதத்திலிருந்து 7.9 சதவீதமாகக் குறைந்தது. கத்தியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். கணினித் திரையில் சில அமைப்புகளை மாற்றினால் கிடைக்கும் பலன்.

வழக்கம் மாற வேண்டும்

தூண்டல் எப்போதாவது மட்டும் தேவைப்படும் முதியவருக்கு அடிமுனை இன்றும் ஏற்கத்தக்க இடம். பெரும்பகுதி நேரம் தூண்டல் தேவைப்படும் நோயாளிக்கு, குறிப்பாக இதயத் திறன் ஏற்கெனவே குறைந்திருந்தால், அடிமுனை தானாகவே முதல் தேர்வாகிவிடக் கூடாது. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2021 வழிகாட்டியும், இதயத் தாளத் துறைக்கான பன்னாட்டுச் சங்கங்கள் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. 2018-ல் வெளியான அமெரிக்க வழிகாட்டி, இதயத் திறன் 36 முதல் 50 சதவீதம்வரை இருந்து, 40 சதவீதமோ அதற்கு மேலோ தூண்டல் தேவைப்படும் என்று தெரிந்தால், சிஆர்டியோ ஹிஸ் தூண்டலோ பொருத்தமானது என்று அப்போதே சொல்லிவிட்டது.

இதற்குப் பணம் மட்டும் தடையில்லை. இடது கிளைத் தூண்டலை சாதாரண இரட்டை அறை பேஸ்மேக்கரைக் கொண்டே செய்யலாம். சிஆர்டி வாங்க முடியாத குடும்பத்துக்கு இது பெரிய வாய்ப்பு. வேண்டியவை வழிநடத்தும் உறை, பன்னிரண்டு லீட் இசிஜியை அறுவையின்போதே துல்லியமாகப் பதியும் கருவி, பயிற்சி பெற்ற கைகள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இதயவியல் துறைகளில் இந்தப் பயிற்சியை முறைப்படி கொடுக்க வேண்டும். அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் ஒற்றை அறை, இரட்டை அறை என்று கருவியை மட்டும் கணக்கிடாமல், உறைக்கும் கூடுதல் நேரத்துக்கும் தொகை ஒதுக்க வேண்டும். முதல் முறை சரியாக வைக்காமல், பிறகு மார்பைத் திரும்பத் திறந்து மாற்றுவது கிருமித்தொற்று ஆபத்தையும் செலவையும் பன்மடங்காக்கும் என்பதைக் கணக்குப் போடுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

மருத்துவமனைகள் இன்றே தொடங்கக்கூடிய சின்ன மாற்றம் ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் கருவியின் பெயரும் வரிசை எண்ணும் தவறாமல் இருக்கும். அதோடு, கம்பியின் நுனி பதிந்த இடம், தூண்டலின்போது இசிஜி அலையின் அகலம், அன்றைய இஎஃப் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து வேறோர் ஊரில், வேறொரு மருத்துவர் அந்த நோயாளியைப் பார்க்கும்போது அந்த மூன்று வரிகள் வழிகாட்டும். மாநில அளவில் ஒரு பேஸ்மேக்கர் பதிவேடு உருவானால், எந்த இடத்தில் வைத்த கம்பி நம் மக்களுக்கு எப்படி உழைக்கிறது என்பதை நம் தரவிலிருந்தே அறியலாம்.

ஏற்கெனவே பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். கருவியைப் பற்றி யோசித்து மருந்தையோ பரிசோதனையையோ நிறுத்திவிடவும் வேண்டாம். அடுத்த முறை கருவிப் பரிசோதனைக்குப் போகும்போது, கீழறைத் தூண்டல் எத்தனை சதவீதம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் என்றால், எக்கோவை எவ்வளவு இடைவெளியில் எடுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் பேசுங்கள். மூச்சு வாங்கல், கால் வீக்கம், காரணமில்லாத சோர்வு இருந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். தூண்டலால் பலவீனமான இதயம், தூண்டும் இடத்தை மாற்றினால் பலருக்கு மீண்டு வருகிறது. புதிதாகக் கருவி வைக்கப்போகிறவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எனக்குக் கம்பியை எந்த இடத்தில் வைக்கப்போகிறீர்கள், ஏன் அந்த இடம்?